முகாமுக்கு வருகிறார்கள், ஆனால் மனம் திறப்பதில்லை: ஒரு சிறு அறக்கட்டளையின் கேள்விக்கு விரிவான பதில்

மூன்று ஆண்டுகளாகச் சில கிராமங்களில் மருத்துவ முகாமும் மாலை நேர வகுப்பும் நடத்திவரும் ஒரு சிறு அறக்கட்டளையிலிருந்து எழுதுகிறீர்கள். முகாமுக்கு மக்கள் வருகிறார்கள், கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள், கருத்துக் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள்; ஆனால் மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் பலர் போவதில்லை, கூட்டம் போட்டால் ஆள் சேர்வதில்லை; மக்களின் நம்பிக்கையை ஒரு நிறுவனம் எப்படிப் பெறுவது என்று கேட்கிறீர்கள். இதை நான் சற்று மாற்றிப் புரிந்துகொள்கிறேன். உங்களை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது அல்ல உங்கள் சிக்கல். தங்களுக்குச் செலவோ ஆபத்தோ வரக்கூடிய ஒரு காரியத்தில் உங்கள் சொல்லை ஏற்கத் தயங்குகிறார்கள், உங்கள் குறையை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் தயங்குகிறார்கள். இந்த இரண்டு தயக்கமும் எப்படிக் குறையும் என்பதே உண்மையான கேள்வி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பொது சுகாதாரத்தில் பயிற்சி பெற்று, களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதிலும் திட்டங்களை மதிப்பிடுவதிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இது.

இலவசமாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்வது நம்பிக்கையின் அடையாளம் அல்ல என்பதை முதலில் உறுதியாகச் சொல்லலாம். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதால் யாருக்கும் நட்டமில்லை. மருத்துவமனைக்குப் போவது அப்படியல்ல. அதற்கு ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும், பேருந்துக் கட்டணம் ஆகும், அங்கே யார் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் உண்டு. இந்த இடத்தில்தான் உங்கள் சொல்லின் மதிப்பு அளக்கப்படுகிறது. எனவே "முகாமுக்கு 300 பேர் வந்தார்கள்" என்று ஆண்டறிக்கையில் எழுதுவது நம்பிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட நிறுவனமாக நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை. 1976-இல் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. கிராம முகாம்களில் கண்புரை என்று கண்டறிந்து அறுவை சிகிச்சைக்கு வரச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வரவில்லை என்பது அவர்களுக்கும் நேர்ந்ததே. அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்த பிறகும் வரவில்லை. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று முடிவு கட்டி இன்னும் பத்துச் சுவரொட்டி ஒட்டுவது எளிது. அவர்கள் வராதவர்களிடம் போய்க் காரணம் கேட்டார்கள். போக்குவரத்து, சாப்பாடு, துணைக்கு ஆள், இழக்கும் கூலி, பயம் என்று காரணங்கள் வந்தன. அதன் பிறகு முகாம் நடந்த அன்றே பேருந்தில் ஏற்றிச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, அறுவை முடித்துத் திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் முறை உருவானது. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1991-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஏற்கெனவே கண்புரை அறுவை செய்துகொண்டவர் வீடு வீடாகப் போய்ப் பேசுவதையும் செலவு முழுவதையும் நிறுவனமே ஏற்பதையும் மற்ற முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இவ்விரண்டும் பயன் தந்தன. பக்கத்துத் தெருப் பாட்டி தானே நடந்து வந்து "நான் செய்துகிட்டேன், இப்ப அரிசியில கல்லு பொறுக்குறேன்" என்று சொல்வதை எந்தச் சுவரொட்டியாலும் ஈடுசெய்ய முடியாது. அந்தப் பாட்டியின் கண்ணை எவரும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா.

இதோடு அவர்கள் நிற்கவில்லை. 1990-களின் இறுதியில், கண் பாதிப்பு உள்ளவர்களில் எத்தனை பேர் உண்மையில் முகாமுக்கு வருகிறார்கள் என்று கிராமங்களில் கணக்கெடுத்தபோது, அது நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு என்று தெரிந்தது. கூட்டம் நிரம்பி வழிந்த முகாம்களை நடத்திய ஒரு நிறுவனம், தன் முகாமின் எல்லை இவ்வளவுதான் என்று தானே கண்டுபிடித்து வெளியிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் முகாமுக்குப் பதிலாக, பயிற்சி பெற்ற பணியாளர் நிரந்தரமாக இருந்து, கணினி வழியே மருத்துவரோடு பேசவைக்கும் சிறு கண் பரிசோதனை மையங்கள் ஊர்ப்புறங்களில் வந்தது அதன் பிறகுதான். உங்களுக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: வந்தவர்களை எண்ணுவதை நிறுத்தி வராதவர்களை எண்ணுங்கள், வந்துபோகிறவர்களாக இல்லாமல், தப்பு நடந்தால் மறுநாள் போய்ச் சண்டை போடக்கூடிய இடமாக இருங்கள்.

இரண்டாவது செய்தியை விரிக்க, உத்தரப் பிரதேசத்தின் போலியோ ஒழிப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2002-இல் இந்தியாவில் 1,500-க்கும் மேற்பட்டோர் போலியோவால் பாதிக்கப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் அந்த ஒரு மாநிலத்துக் குழந்தைகள். மொராதாபாத் போன்ற மேற்கு மாவட்டங்களில், குறிப்பாக ஏழை முஸ்லிம் குடியிருப்புகளில், சொட்டு மருந்துக் குழுவைக் கண்டதும் கதவைச் சாத்திய வீடுகள் இருந்தன. மருந்து மலடாக்கும், நம் மக்கள்தொகையைக் குறைக்கும் சதி இது என்று பேச்சு. படித்தவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்கினார்கள். ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வடமாநிலங்களில் காவல்துறையை வைத்து ஆண்களைப் பிடித்துச் சென்ற ஊர்கள் உண்டு. அப்போது இளைஞராக இருந்தவர், 2002-இல் பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அதே அரசின் சுகாதார ஊழியர் மறுபடி வீடு தேடி வருகிறார். அந்தச் சந்தேகத்தின் உள்ளடக்கம் தவறு. ஆனால் சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. இந்த வேறுபாட்டை உணராத நிறுவனம், மக்களைத் திருத்தப் புறப்பட்டு இன்னும் ஆழமாகப் பள்ளம் தோண்டிவிடும்.

அந்த மக்கள் இன்னொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒருவரும் வருவதில்லை, காய்ச்சலுக்கு மருத்துவமனை போனால் மருந்து இல்லை, சாக்கடை வாசலில் ஓடுகிறது. இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் ஏன் மாதந்தோறும் வீடு தேடி வருகிறீர்கள் என்றார்கள். இதைவிட அறிவார்ந்த கேள்வியை நான் எந்த மதிப்பீட்டுக் கூட்டத்திலும் கேட்டதில்லை. ஒரு நிறுவனம் தன் தேவைக்காக வருகிறதா, நம் தேவைக்காக வருகிறதா என்று அவர்கள் சோதித்தார்கள். இதற்குக் கிடைத்த விடைகள் மெல்ல வந்தன. யுனிசெஃப் ஆதரவோடும் பிற அமைப்புகளோடும் அமைந்த சமூகத் திரட்டல் வலையமைப்பு, அந்தந்தக் குடியிருப்பிலேயே வாழும் பெண்களைப் பணியில் அமர்த்தியது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் உடன் வந்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்கள் சொட்டு மருந்து நாளை அறிவித்தார்கள். 2009-இல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மிக ஆபத்தான 107 ஒன்றியங்களைத் தேர்ந்து, அங்கே சொட்டு மருந்தோடு குடிநீர், கழிப்பறை, வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையே நாட்டின் கடைசி போலியோ நோயாளி. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழ் கிடைத்தது.

இந்தக் கதையைப் பயிற்சி அரங்குகளில் சொல்பவர்கள் இங்கே நிறுத்திக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. அதே காலத்தில் மருந்தும் மாறியது. அம்மாநிலத்தின் சுகாதாரச் சூழலில் மூன்று வகைப் போலியோ கிருமிகளையும் சேர்த்து எதிர்க்கும் பழைய மும்முனைச் சொட்டு மருந்து ஒவ்வொரு தவணைக்கும் தந்த பாதுகாப்பு மிகக் குறைவு. பத்துத் தவணை போட்ட குழந்தைக்கும் வாதம் வந்தது, அதுவே அடுத்த வீட்டின் சந்தேகத்தைக் கூட்டியது. 2005-இல் ஒருமுனை மருந்தும் 2010-இல் இருமுனை மருந்தும் வந்த பிறகு நிலைமை வெகுவாக மாறியது. வெற்றியில் மருந்தின் பங்கு எவ்வளவு, இமாம்களின் பங்கு எவ்வளவு, தெருப் பெண்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். வேலை செய்யாத பொருளை நல்ல உறவால் நெடுநாள் விற்க முடியாது என்பது மட்டும் உறுதி. உங்கள் முகாமில் தரும் மாத்திரை மூன்று நாளுக்குத்தான் வருகிறது, இரத்த அழுத்தத்துக்கு வாழ்நாள் முழுதும் வேண்டும் என்றால், சிக்கல் நம்பிக்கையில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது.

இதே மருந்து பற்றி நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். 2003-இல் அங்கே போலியோ மருந்து நிறுத்தப்பட்டது. அதன் பின்னணியில், 1996-இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் அங்கே 200 குழந்தைகளிடம் நடத்திய ட்ரோவன் மருந்துச் சோதனை இருந்தது. அதில் 11 குழந்தைகள் இறந்தார்கள். இழப்புக்குச் சோதனை மருந்துதான் காரணமா என்ற வழக்கு வேறு. ஆனால் தங்களைக் கேட்காமல் சோதித்தார்கள் என்ற காயம் ஆறவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து 2004-இல் தடை நீங்கியது, மருந்தை வெளிநாட்டு ஆய்வகங்களில் சோதித்து, இந்தோனேசியாவில் தயாரித்ததை வாங்கலாம் என்று உள்ளூர்த் தலைவர்கள் ஏற்ற பிறகு. அறிவியல் நோக்கில் பழைய மருந்துக்கும் புதிய மருந்துக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் சோதிக்கும் உரிமையும் மறுத்துவிட்டு வேறிடத்தில் வாங்கும் உரிமையும் அவர்களிடம் வந்திருந்தன. பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011-இல் பின்லேடனைத் தேட அமெரிக்க உளவுத்துறை மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற போர்வையைப் பயன்படுத்தியது அம்பலமானபோது, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத போலியோ ஊழியர்கள் மீது சந்தேகம் விழுந்தது. நீங்கள் செய்யாத குற்றத்துக்கும் நீங்கள் விலை கொடுக்க நேரும். உங்கள் கிராமங்களில் உங்களுக்கு முன்னே யார் வந்தார்கள், என்ன வாக்குக் கொடுத்தார்கள், எப்படிக் கிளம்பிப் போனார்கள் என்று விசாரித்தீர்களா? சீட்டுப் பிடித்து ஓடியவர் முதல் ஆதார் நகல் வாங்கிப்போன அமைப்பு வரை அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

ஆகவே என் நிலைப்பாடு இது: நம்பிக்கையைக் கேட்டுப் பெற முடியாது, உங்களைச் சோதிக்கும் கருவியையும் உங்களை மறுக்கும் உரிமையையும் மக்கள் கையில் கொடுக்கத்தான் முடியும். இதை இராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு செய்தவிதம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்டூங்ரி என்ற சிற்றூரில் சாதாரணக் குடிசையில் வாழ்ந்து, குறைந்தபட்சக் கூலியளவே பெற்றுக்கொண்டு, 1990-இல் தொடங்கிய அமைப்பு அது. 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் நடத்திய முதல் மக்கள் விசாரணையில், அரசு வேலைகளுக்கான வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அங்கேயே வெளிப்பட்டது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும், அதே ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில் இடம்பெற்ற, மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்கும் இந்த விசாரணைகள் வித்திட்டன. அரசின் கணக்கைப் படிக்கச் சொல்லும் தொண்டு நிறுவனங்களில் எத்தனை தங்கள் கணக்கை அதே திண்ணையில் படிக்கின்றன என்பது வேறு விஷயம். நான் பார்த்தவரை மிகச் சில. தணிக்கையாளர் கையொப்பமிட்ட அறிக்கையை இணையதளத்தில் ஏற்றுவது நன்கொடையாளருக்கானது. ஊருக்கானது என்றால், இந்த முகாமுக்கு மருந்து இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, எங்கள் சம்பளம் இவ்வளவு என்று ஒரு அட்டையில் எழுதி, முகாம் நடக்கும் பள்ளிச் சுவரில் மாட்டுவது. சம்பளத்தை எழுதத் தயங்குவீர்கள். ஆனால் ஊரில் அதைப் பற்றித்தான் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பார்கள், உண்மையைவிடப் பெரிய தொகையாக.

இங்கே ஒரு எச்சரிக்கை. "மக்கள்", "ஊர்" என்று நான் எழுதிக்கொண்டே போகிறேன். அப்படி ஒற்றை ஆளாக எந்த ஊரும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த மாவட்டத்தில், வந்து குவிந்த அமைப்புகள் பலவும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியாகவே நிவாரணம் வழங்கின. அதற்கு நல்ல காரணம் இருந்தது: பஞ்சாயத்துக்கு ஊரின் மதிப்பு இருந்தது, பட்டியல் இருந்தது, கொடுத்ததைப் பகிர்ந்தளிக்கும் ஒழுங்கு இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதவர்களும் அதே கடற்கரையில் இருந்தார்கள். தலித் விவசாயக் கூலிகள், இருளர்கள், உப்பளத் தொழிலாளர்கள், ஆண் துணையற்ற குடும்பங்கள். தலைவருக்கு உங்கள்மீது நம்பிக்கை வந்துவிட்டது என்றால், அதே அளவுக்கு அவரால் ஒதுக்கப்பட்டவருக்கு உங்கள்மீது நம்பிக்கை போயிருக்கலாம். படகு விஷயம் இன்னும் வேடிக்கையானது. நன்கொடையாளர்களுக்குப் படகு கொடுத்துப் படம் எடுப்பது பிடித்திருந்தது. விளைவாக, பேரலைக்கு முன் இருந்ததைவிட அதிகமான கண்ணாடியிழைப் படகுகள் கடலில் இறங்கின. கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. படகு வேண்டுமா என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்த "வேண்டும்" என்ற பதிலை மக்களின் விருப்பம் என்று பதிவுசெய்தார்கள். உங்களுக்குக் கிடைக்கும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலும் இதே வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும்: குறை சொன்னால் வருவதும் நின்றுவிடும் என்று கணக்கிட்ட மரியாதை.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் ஆளை வேலைக்கு வைத்தால் நம்பிக்கை வந்துவிடும் என்ற கருத்து பாதிதான் உண்மை. எந்தத் தெருவிலிருந்து வைக்கிறீர்கள், எந்தச் சாதி, யாருடைய உறவினர் என்பதைப் பொறுத்து அது உதவும் அல்லது கெடுக்கும். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் மருத்துவர்கள் ரஜனிகாந்த், மேபெல் ஆரோலே தம்பதியர் 1970 முதல் கட்டியெழுப்பிய திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலரும் தலித் பெண்களும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாகி ஊர் முழுதுக்கும் மருத்துவம் பார்த்தார்கள். அது நடந்தது ஆண்டுக்கணக்கான பொறுமையாலும், தொடர் பயிற்சியாலும், அவர்களுக்குப் பின்னால் ஒரு நல்ல மருத்துவமனை நின்றதாலும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து நட்டால் முளைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. அதேபோல, கேள்வித்தாள் வைத்து "எங்களை எவ்வளவு நம்புகிறீர்கள்" என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கும் ஆய்வுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்பவர் உங்கள் சட்டையில் இருக்கும் சின்னத்தையே அணிந்திருக்கிறார். புகார்ப் பெட்டியும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். எழுதத் தெரிந்தவர் குறைவு, எழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும் அளவு ஊர் சிறியது. புகார்களின் எண்ணிக்கை கூடினால் நன்கொடையாளர் பதறுவார். நான் மகிழ்வேன், சொன்னால் நடக்கும் என்று யாரோ நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

எத்தனை ஆண்டு ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு விதி இல்லை. ஆனால் உங்கள் நிதி மூன்றாண்டுத் திட்டமாக வந்து முடிகிறது என்றால், மூன்றாம் ஆண்டில் கிளம்பிவிடுவீர்கள் என்பதை ஊர் முதல் ஆண்டிலேயே ஊகித்துவிடும். அதை மறைக்காமல், எதுவரை இருப்போம், அதன் பிறகு இந்தச் சர்க்கரை நோயாளிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரிடம் சேர்ப்போம் என்று இப்போதே சொல்வது நல்லது. கொடுத்த வாக்கைக் குறைத்து, கொடுத்ததை நிறைவேற்றுவதில் பெரிய மேதைமை ஒன்றும் வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணி என்றால் பத்து மணிக்கு வண்டி நிற்க வேண்டும், வரமுடியாவிட்டால் முந்திய நாளே யாராவது ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு ஆள் வராததற்கும் பெரிய காரணம் தேடாதீர்கள். பகல் பதினொரு மணிக்குக் கூட்டினால் வேலைக்குப் போகாதவர்கள்தான் வருவார்கள். அவர்களில் ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுவார்கள்.

என் அறிவின் எல்லை சுகாதாரமும் பேரிடர் நிவாரணமும்தான். கடன் தரும் அமைப்புகள் பற்றியோ பள்ளிகள் பற்றியோ இதே அளவு உறுதியோடு பேச முடியாது. உங்கள் மாலை வகுப்புகளைப் பற்றி ஆசிரியர் ஒருவர் பதில் எழுதினால் அதை என் பதிலுக்கு மேலாக வையுங்கள். முகாம் பற்றி மட்டும் ஒரு வேலை சொல்கிறேன். கடந்த ஓராண்டில் நீங்கள் மேல்சிகிச்சைக்கு அனுப்பி, போகாமல் இருந்தவர்களின் பெயரை எழுதுங்கள். உங்கள் சின்னம் அணியாத, அந்த ஊர்க்காரரும் அல்லாத, கேட்டுக்கொண்டு உட்காரத் தெரிந்த ஒருவரை, வயதான பெண்ணாக இருந்தால் மிகவும் நல்லது, அந்த வீடுகளுக்கு மாலை வேளையில் அனுப்புங்கள். ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டாம். அது குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். அன்றைக்குப் போவதாக இருந்தால் வீட்டில் யார் யார் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டியிருந்திருக்கும் என்று கேட்கட்டும். கிடைத்த பதில்களை, பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே எழுதுங்கள். அதன் பிறகு இதைவிடக் குறிப்பாகச் சொல்ல முடியும்.